நாலணாவுக்கு ஆறு மாத அவகாசம்: செலவழிக்க இடமில்லாத காசின் கதை

2010 டிசம்பர் 20ஆம் தேதி மத்திய அரசு ஓர் அறிவிக்கை போட்டது. 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ள எல்லா நாணயங்களும் 2011 ஜூன் 30 முதல் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்படும், அன்று முதல் கொடுக்கல் வாங்கலிலும் செல்லாது, கணக்கிலும் செல்லாது, 1906ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தின் 15ஏ பிரிவின்படி இது செய்யப்படுகிறது, அவ்வளவுதான் சாரம். ரிசர்வ் வங்கி தன் பங்குக்கு, கையில் இருப்பதை ஜூன் 29 அன்று வங்கி வேலை நேரம் முடிவதற்குள் முக மதிப்புக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னது. கணக்குப் பார்த்தால் ஆறு மாதத்துக்கு மேலேயே அவகாசம். 2016 நவம்பர் 8 அன்று இரவு எட்டு மணிக்குச் சொல்லி நள்ளிரவோடு 500, 1000 ரூபாய் நோட்டுகளை முடித்துவிட்ட அதே நாட்டில்தான் இப்படியும் ஒன்று நடந்தது.

அவ்வளவு அவகாசம் இருந்தும் நாலணா மாற்ற வரிசை கட்டி நின்ற ஜனத்தை நான் பார்க்கவில்லை. பேப்பரில் மூலையில் ஒரு செய்தி வந்தது, டிவியில் 'விடைபெறுகிறது நாலணா' என்று உருக்கமாக ஒரு துண்டு ஓடியது, அதோடு சரி. நிறைய வீடுகளில் அந்தக் காசு இன்னமும் ஹார்லிக்ஸ் பாட்டிலிலும் பவுடர் டப்பாவிலும் அப்படியே கிடக்கிறது. சோம்பேறித்தனம், அலட்சியம் என்று காரணம் சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தேதிக்கு முன்னால் செலவழித்துத் தீர்த்துவிடு என்று சொல்ல வேண்டுமானால் முதலில் அதைச் செலவழிக்க ஓர் இடம் இருக்க வேண்டும். 2011இல் அப்படி ஓர் இடம் கிடையாது. அரசு தேதி குறிப்பதற்குப் பல வருஷம் முன்னாலேயே பெட்டிக்கடைக்காரர் தேதி குறித்துவிட்டார். மிச்சம் இருந்த ஒரே வழி வங்கி. அந்த வழி எப்படி இருந்தது என்பதில்தான் இந்தக் கதையே இருக்கிறது.

தீப்பெட்டி சொல்லும் தேதி

ஒரு நாணயம் எப்போது மதிப்பிழந்தது என்று தெரிய அரசிதழைப் பார்க்க வேண்டாம், தீப்பெட்டி விலையைப் பார்த்தால் போதும். சிவகாசி, கோவில்பட்டி, சாத்தூர் பக்கத்து ஆட்களுக்கு இது மனப்பாடம். 1995 வரை ஒரு தீப்பெட்டி 25 பைசா. அந்த வருஷம் 50 பைசா ஆனது. 2007இல் 1 ரூபாய். அதற்கப்புறம் 14 வருஷம் அசையாமல் நின்று 2021 டிசம்பரில்தான் 2 ரூபாய்க்குப் போனது. மற்ற சாமான் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், தீப்பெட்டி அப்படி ஏறவே ஏறாது. 27 பைசாவுக்கு தீப்பெட்டி விற்க முடியாது, ஒரு நாணயத்தை நீட்டி ஒரு பெட்டியை வாங்கிப் போகும் வியாபாரம் அது, அதனால் ஒவ்வொரு தடவையும் ஒரு நாணயத்திலிருந்து அடுத்த நாணயத்துக்குத் தாவத்தான் வேண்டும். தாவிய ஒவ்வொரு தடவையும் பின்னால் விட்டுவந்த காசுக்கு ஒரு வேலை போயிற்று.

ஆக 1995க்கு அப்புறம் ஒற்றை நாலணாவை வைத்து வாங்கக்கூடிய சாமான் என்று பார்த்தால் மிட்டாய், ஊக்கு, ஒரு முழக் கயிறு மாதிரி ஏதோ கொஞ்சம். 2000 தாண்டியதும் மிட்டாயும் எட்டணாவுக்குப் போய்விட்டது. அஞ்சல் துறை மட்டும் 2002இல் விளம்பரம் அச்சடித்த மேகதூத் அஞ்சலட்டையை 25 பைசாவுக்கு விற்கத் தொடங்கியது, அதுவும் அட்டையில் எழுதும் பழக்கமே ஓய்ந்துவந்த காலத்தில். காண்டாமிருகம் போட்ட எஃகு நாலணா 1988இல் வந்தது. 2002க்கு அப்புறத்து வருஷம் போட்ட ஒன்றை நான் பார்த்ததே இல்லை. அச்சடிப்பது நின்றபிறகும் சட்டப்படி செல்லும் காசாக அது கிட்டத்தட்ட ஒன்பது வருஷம் இருந்தது, எந்தக் கடையில் செல்லும் என்று மட்டும் கேட்கக் கூடாது.

பேருந்திலும் இதே கதிதான். சென்னை மாநகரப் பேருந்தில் அப்போது குறைந்தபட்சக் கட்டணமே 2 ரூபாய். எட்டு நாலணாவை நடத்துநரிடம் எண்ணிக் கொடுத்துப் பார்த்தவர்கள் இருந்தால் அவர்களுடைய துணிச்சலுக்கு ஒரு கும்பிடு. பிச்சைக்காரர்கள்கூட நாலணாவைத் திருப்பிக் கொடுத்த கதை எல்லா ஊரிலும் உண்டு. கோவில் உண்டியல் மட்டும் எதையும் வேண்டாம் என்று சொல்லாது. அதனால் அந்த ஆறு மாதத்தில் கொஞ்சப் பேர் புண்ணியமும் ஆயிற்று, டப்பாவும் காலியாயிற்று என்று உண்டியலில் கொட்டினார்கள். எண்ணிப் பிரித்து வங்கிக்குக் கொண்டுபோகும் வேலை வீட்டுக்காரரிடமிருந்து கோவில்காரர்கள் தலைக்கு மாறியது, வேறொன்றும் இல்லை.

டப்பாவைக் கொட்டினால்

எங்கள் மாமா கோவில்பட்டிப் பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருந்தார். கல்லாப்பெட்டிக்குக் கீழே ஒரு டால்டா டின். வாடிக்கையாளர் மறந்தோ தெரிந்தோ கலந்து கொடுத்த காசு, பழைய கல்லாவில் மிஞ்சியது, தாத்தா காலத்தில் விட்டுப்போனது எல்லாம் அதற்குள் போகும். 2011 கோடையில் அதைத் திண்ணையில் தினத்தந்தியை விரித்துக் கொட்டிப் பிரித்தோம். பிரிக்கப் பிரிக்கத்தான் '25 பைசாவும் அதற்குக் கீழும்' என்ற ஒரு வரிக்குள் எத்தனை விதம் ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தது. நாலணாவிலேயே காண்டாமிருகம் போட்ட எஃகு ஒன்று, அதற்கு முந்தைய வெள்ளைச் செம்பு (அதாவது செம்பும் நிக்கலும் கலந்தது) ஒன்று. பத்து பைசாவில் விளிம்பு வளைவு வளைவாக இருக்கும் அலுமினியம் ஒன்று, சட்டைப் பித்தானை விடக் கொஞ்சமே பெரிய எஃகு ஒன்று. அறுகோண 20 பைசா. மூலை மழுங்கிய சதுர 5 பைசா. அடியில் எங்கேயோ ஒட்டிக்கொண்டு 3 பைசாவும் 2 பைசாவும்கூடக் கிடந்தன, அவையெல்லாம் எழுபதுகளிலேயே கைவிடப்பட்டவை. அலுமினியக் காசில் வெள்ளையாக ஒரு மாவு பூத்திருந்தது, தொட்டால் விரலில் ஒட்டும், ஊதினால் தும்மல் வரும். தாமரைப் பூ போட்ட பித்தளை 20 பைசாவை மட்டும் அத்தை வந்து பொறுக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டார், பூஜைக்கு என்று. அதை லட்சுமி பூஜைக்காகச் சேர்த்து வைக்கும் வீடுகள் இன்றும் நிறைய உண்டு.

நாலணாவை நாலு நாலாக அடுக்குவது சுலபம், கை தானாகவே ரூபாய்க் கணக்கில் போகும். பத்து பைசாவை எண்ணும்போதுதான் பொறுமை போகிறது. 500 ரூபாய் சேர வேண்டுமென்றால் 5,000 காசு வேண்டும். எஃகுப் பத்து பைசா ஒன்று 2 கிராம், ஆக 10 கிலோ. சின்ன அரிசி மூட்டை அளவு கனத்தைப் பஸ்ஸில் ஏற்றி, லக்கேஜ் போட்டு, டவுனுக்குக் கொண்டுபோய் 500 ரூபாய் வாங்கி வர வேண்டும். அஞ்சு பைசா என்றால் கேட்கவே வேண்டாம், 1,000 காசு எண்ணினால் 50 ரூபாய்தான். ஒரு நாள் கடையை அடைத்துவிட்டுச் செய்யக்கூடிய வேலையா இது என்று மாமா கேட்டதில் நியாயம் இருந்தது.

இங்கேதான் பழைய இரும்புக்காரர் கணக்குக்குள் வருகிறார். பழைய வெள்ளைச் செம்பு நாலணா ஒன்று இரண்டரை கிராம். ஒரு கிலோவுக்கு 400 காசு, முக மதிப்பு 100 ரூபாய். அதில் முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல். 2011 நடுவில் உலகச் சந்தையில் செம்பு டன் 9,000 டாலர் அளவிலும் நிக்கல் 20,000 டாலருக்கு மேலும் விற்றது, டாலர் 45 ரூபாய் சொச்சம். பெருக்கிப் பார்த்தால் அந்த ஒரு கிலோ காசுக்குள் இருக்கும் உலோகம் மட்டுமே 500 ரூபாயைத் தாண்டும். பிற்காலத்து அலுமினிய 5 பைசா ஒன்று ஒரு கிராம், கிலோவுக்கு 50 ரூபாய்தான் முக மதிப்பு, உலோகமாகப் பார்த்தால் 100 ரூபாய்க்கு மேல். எஃகு நாலணாவில் மட்டும் இந்தக் கணக்கு வேலை செய்யாது, கிலோவுக்கு சுமார் 353 காசு, 88 ரூபாய் முக மதிப்பு, அந்த எஃகுக்கு அவ்வளவு விலை கிடையாது. உலகச் சந்தை விலை நம்மூர் எடைக்கடையில் கிடைக்காது என்பது வேறு விஷயம். ஆனாலும் வங்கியில் கொடுத்தால் 100, காய்லான் கடையில் போட்டால் அதைவிடக் கூட என்ற நிலை வந்துவிட்டால் ஜனம் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லத் தேவையில்லை. நாணயத்தை உருக்குவது குற்றம் என்று 1971இலேயே சிறு நாணயங்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள் என்றால் இந்த ஆசை எவ்வளவு பழையது பாருங்கள். 2007இல் கொல்கத்தா பக்கம் சில்லறைத் தட்டுப்பாடு வந்தபோது, ரூபாய் நாணயங்கள் எல்லை தாண்டி வங்கதேசம் போய் சவர பிளேடாக மாறுகின்றன என்று செய்தி வந்தது நினைவிருக்கலாம்.

சரி, அரசு ஏன் இதை ஒழிக்க நினைத்தது என்பதற்கும் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. அடிக்க ஆகும் செலவு காசின் மதிப்பை விடக் கூட, அடித்து அனுப்பினாலும் புழங்குவதில்லை, டப்பாவுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. ஒழித்தது தப்பு என்று நான் சொல்லவில்லை, ஒழித்த விதத்தைப் பற்றித்தான் பேச்சு.

வங்கி வாசல்

அறிவிப்பில் எல்லா வங்கியிலும் மாற்றலாம் என்று இல்லை. சிறு நாணயக் கிடங்கு (ரிசர்வ் வங்கிக்காகச் சில்லறையை இருப்பு வைத்து விநியோகிக்கும் இடம்) வைத்திருக்கும் வங்கிக் கிளைகளிலும் ரிசர்வ் வங்கியின் வெளியீட்டு அலுவலகங்களிலும் மாற்றலாம் என்றுதான் இருந்தது. தமிழ்நாட்டுக்கு வெளியீட்டு அலுவலகம் ஒன்றே ஒன்று, சென்னை ராஜாஜி சாலையில். நாகர்கோவில்காரருக்குத் திருவனந்தபுரம் பக்கம். கோவில்பட்டிக்காரருக்கு இரண்டுமே தூரம். மிச்சம் கிடங்குக் கிளை. நம் தெருமுனை வங்கியில் கிடங்கு இருக்கிறதா இல்லையா என்று எந்தக் கடைக்காரருக்குத் தெரியும்? வாசலில் அப்படி ஒரு பலகை நான் பார்த்ததில்லை.

மாமா கணக்கு வைத்திருந்த கிளையில் கவுண்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "அண்ணாச்சி, இங்க கிடங்கு இல்ல, மெயின் பிராஞ்சுக்குப் போங்க. போகும்போது நூறு நூறா பாக்கெட் போட்டுக் கொண்டுபோங்க, இப்படி சாக்குல கொண்டுபோனா அவங்களும் எடுக்க மாட்டாங்க." பாக்கெட் விஷயத்தில் அவர் சொன்னது சரி. நூறு காசு கொண்ட பாலிதீன் உறைகளாக வாங்கினால் காசாளருக்கும் வாடிக்கையாளருக்கும் வசதி என்று ரிசர்வ் வங்கியே தன் சுற்றறிக்கைகளில் சொல்லியிருக்கிறது. ஆனால் நாலணா நூறு போட்டால் ஒரு உறை 25 ரூபாய், பத்து பைசா என்றால் 10 ரூபாய், அஞ்சு பைசா என்றால் 5 ரூபாய். உறை விலையையும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு மாமா நாலணாவை மட்டும் மெயின் பிராஞ்சில் மாற்றினார். மற்றதை மறுபடி டின்னிலேயே போட்டு வைத்தார்.

அந்தக் காசாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு வாடிக்கையாளர் 2,000 ரூபாய் நோட்டாகக் கொடுத்தால் அவருக்கு ஒரு நிமிஷ வேலை. அதையே நாலணாவாகக் கொடுத்தால் 8,000 காசு, இருபத்திரண்டு கிலோவுக்கு மேல், அதைப் பிரிக்க வேண்டும், கள்ளக்காசு பார்க்க வேண்டும், மூட்டை கட்ட வேண்டும், கிடங்குக்கு அனுப்ப வேண்டும். இதற்கென்று தனி ஆளோ இயந்திரமோ கொடுக்காமல் தேதியை மட்டும் அறிவித்தால், மாற்றிக்கொள்ளும் உரிமை காகிதத்தில் இருக்கும், கவுண்டரில் இருக்காது.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டால் சங்கடமான பதில்தான் வரும். ஒரு வீட்டுக்கு அம்பது ரூபாய், நூறு ரூபாய். அதற்காக யாரும் சண்டை போட மாட்டார்கள். ஆனால் நாணயம் என்பது மத்திய அரசு வெளியிடுவது, ரிசர்வ் வங்கி அதை விநியோகிக்க மட்டுமே செய்கிறது. திரும்பி வராத ஒவ்வொரு நாலணாவும் அரசு திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்காத 25 பைசா. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. நாடு முழுக்க உள்ள டப்பாக்களைச் சேர்த்தால் சின்னத் தொகையாக இருக்காது. இதைச் சதி என்று சொல்ல வரவில்லை. யாருக்கும் வலிக்காத அளவில் நஷ்டம் பரவிக் கிடந்தால் அதைக் குறைக்க யாரும் மெனக்கெட மாட்டார்கள், அவ்வளவுதான்.

வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2000 ரூபாய் நோட்டை 2023 மே 19 அன்று திரும்பப் பெறுவதாகச் சொன்னார்கள். வங்கிகளில் மாற்ற செப்டம்பர் 30 வரை என்று தேதி கொடுத்து, அதை அக்டோபர் 7 வரை நீட்டித்து, அதற்கப்புறமும் வெளியீட்டு அலுவலகத்தில் கொடுக்கலாம், நேரில் வர முடியாவிட்டால் தபாலில் அனுப்பலாம் என்று வழியைத் திறந்தே வைத்தார்கள். நோட்டு செல்லாது என்று ஒரு நாளும் சொல்லவில்லை. நாலணாவுக்கு ஜூன் 29 மாலையோடு கதவு சாத்தியாயிற்று, ஜன்னல்கூட இல்லை.

இங்கிலாந்துக்காரர்கள் 2017இல் வட்ட பவுண்டு நாணயத்தை ஒழித்த விதம் இன்னும் சுவாரசியமானது. 1983இல் வந்த நாணயம், முப்பதில் ஒன்று கள்ளக்காசு என்கிற அளவுக்குப் போய்விட்டதால் பன்னிரண்டு பக்கம் கொண்ட புது நாணயத்தை மார்ச் 28 அன்று விட்டார்கள். அக்டோபர் 15 வரை இரண்டும் சேர்ந்தே புழங்கின. முக்கியமான வித்தியாசம், அது கடைசி நாள் வரை ஒரு பவுண்டுக்கு உண்டானதை வாங்கிக் கொடுத்த உயிருள்ள காசு. டீக்கடையிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் வேலை செய்தது. அதனால் 'பவுண்டைத் தீர்த்துவிடு' என்று விளம்பரம் செய்ததற்கு அர்த்தம் இருந்தது, வீட்டைத் துழாவி எடுத்தவர் அன்றைக்கே அதை ஏதாவது ஒன்றாக மாற்ற முடிந்தது. தேதி முடிந்த பிறகும் சில கடைகள் கொஞ்ச நாள் வாங்கின, வங்கிக் கணக்கில் போடும் வழி அடைபடவில்லை. கனடா 2013 பிப்ரவரியில் ஒரு சென்ட் நாணயம் விநியோகிப்பதை நிறுத்தியபோது அதைச் செல்லாததாக்கவே இல்லை. ரொக்கமாகக் கொடுத்தால் மட்டும் ஐந்து சென்டுக்கு முழுமையாக்கிக்கொள், அட்டையில் கொடுத்தால் உள்ளபடி கொடு என்று விட்டுவிட்டார்கள்.

நாலணா போனபோது நம் அரசும் விலைகளை, கணக்குகளை 50 பைசாவுக்கோ முழு ரூபாய்க்கோ ஆக்கிக்கொள்ளச் சொன்னது. நடந்தது வேறு. பெட்ரோல் விலை இன்றும் பைசாவில்தான் ஏறி இறங்குகிறது. வங்கி வட்டி பைசா சுத்தமாக வருகிறது. 2009இலேயே டாடா டோகோமோ ஒரு வினாடிக்கு ஒரு பைசா என்று விற்று மொத்த செல்போன் சந்தையையும் ஆட்டி வைத்தது, ஒரு பைசா நாணயத்தைக் கண்ணால் பார்த்தே இராத பிள்ளைகளுக்கு. திரையில் பைசா நன்றாகவே இருக்கிறது, கையில்தான் இல்லை.

எட்டணாவும் பத்து ரூபாயும்

நாலணா போன அன்று எட்டணா நாட்டின் மிகச்சிறிய நாணயமாயிற்று. சட்டப்படி இன்றைக்கும் அது செல்லும். 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தில் 50 பைசாவாக ஒரு தடவைக்கு 10 ரூபாய் வரை, 1 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நாணயங்களாக 1,000 ரூபாய் வரை செல்லும் என்று இருக்கிறது. கடையில் நீட்டிப் பாருங்கள், என்ன கிடைக்கும் என்று தெரியும். ரேஷனில் சர்க்கரை கிலோ 13 ரூபாய் 50 பைசா என்று 2017 வரை இருந்தது, ஒரு கிலோ வாங்கியவரிடம் 14 வாங்கிக்கொண்டு மீதி கேட்டால் முகத்தைப் பார்ப்பார்கள். அஞ்சலட்டை பல வருஷமாக 50 பைசாவிலேயே நின்றது, ஒன்று கேட்டால் இரண்டாக வாங்கிக்கோங்க என்பார்கள். நாலணாவுக்கு 1995 முதல் நடந்தது இதற்கு 2007 முதல் நடக்கிறது, தீப்பெட்டி அதே தேதியைத்தான் சொல்கிறது.

10 ரூபாய் நாணயத்தின் கதை நேர் எதிர். அதை யாரும் திரும்பப் பெறவில்லை, அப்படி ஒரு யோசனையும் அறிவிக்கப்படவில்லை, ஆனாலும் தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் கடைக்காரர்களே அதைச் செல்லாததாக்கிவிட்டார்கள். சென்னையில் டீக்கடையில் வாங்கும் அதே காசை வெளியூரில் ஒரு டவுனில் நீட்டினால் "இது இங்க ஓடாதுங்க" என்பார்கள். காசில் கதிர் மாதிரி 15 கோடு இருந்தால் கள்ளக்காசு, 10 கோடு இருந்தால் நல்ல காசு, ரூபாய்க் குறி இல்லாவிட்டால் செல்லாது என்று வாட்ஸ்அப்பில் ஓடிய புரளிதான் பெரிய காரணம். கோடு எண்ணிக்கை வேறுபட்டதற்குக் காரணம் வேறுவேறு காலத்தில் அடித்ததுதான், ரூபாய்க் குறி 2011இல்தான் வந்தது. 2016 நவம்பரில் ஒரு தடவையும் 2018 ஜனவரியில் 14 வடிவங்களைப் பட்டியல் போட்டு இன்னொரு தடவையும் எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது, விவரம் கேட்க 14440 என்று ஒரு தொலைபேசி எண்ணையும் கொடுத்தது. கடைக்காரர் அசையவில்லை. அவர் பக்கத்திலும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், அவரிடம் அதை வாங்க அடுத்த ஆள் இல்லை என்றால் அவர் ஏன் வாங்குவார்? 2022இல் தர்மபுரி மாவட்டத்தில் ஒருவர் 10 ரூபாய் நாணயங்களாகவே 6 லட்சம் சேர்த்துக் கார் வாங்கினார். அவருடைய அம்மா நடத்திய கடையில் சேர்ந்த அந்தக் காசை மற்றவர்கள் வாங்க மறுத்ததுதான் தொடக்கம் என்று செய்திகள் சொல்லின. வேடிக்கை என்னவென்றால், அந்த 1,000 ரூபாய் வரம்பின்படி பார்த்தால் கார் விற்றவர் முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் வாங்கிக்கொண்டது சட்டத்துக்காக இல்லை.

இப்போது டப்பாவில் இருப்பதை என்ன செய்வது

நாலணாவும் அதற்குக் கீழும் என்றால் மாற்ற வழியில்லை, எந்த வங்கியும் வாங்காது. அதைவிட முக்கியம், அதை லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்கிறோம் என்று யூடியூபில் காண்டாமிருகப் படம் போட்டு வரும் எந்த ஆளையும் நம்ப வேண்டாம். முதலில் பதிவுக் கட்டணம் கேட்பார்கள், அப்புறம் வரி, அப்புறம் ரிசர்வ் வங்கிக்குக் கமிஷன். ரிசர்வ் வங்கி அப்படி எந்தக் கமிஷனும் வாங்குவதில்லை, யாருக்கும் அப்படி அனுமதி கொடுக்கவும் இல்லை என்று 2021 ஆகஸ்ட் 4 அன்று தனியாக அறிக்கையே விட்டிருக்கிறது. காண்டாமிருக நாலணா கோடிக்கணக்கில் அடித்த சாதாரணக் காசு, நாணயம் சேகரிப்பவர்கள் ஒரு பிடி சேர்த்துக் கொடுத்தாலும் யோசிப்பார்கள்.

எட்டணா இருந்தால் இப்போதே வேலையை முடித்துவிடுவது நல்லது, தேதி அறிவிக்கும் வரை காத்திருந்தால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தாயிற்று. 1, 2, 5, 10 ரூபாய் நாணயங்களிலிருந்து பிரித்து நூறு நூறாக உறை போட்டு, கணக்கு இருக்கும் கிளைக்கு மாதக் கடைசியும் முதல் வாரமும் இல்லாத நாளாகப் பார்த்து, மதியத்துக்கு மேல் போங்கள். மாற்றித் தரச் சொன்னால் இழுத்தடிப்பார்கள், கணக்கில் வரவு வைக்கச் சொன்னால் கொஞ்சம் சுலபமாக நடக்கும், இது என் அனுபவம். முடியாது என்றால் கிடங்கு உள்ள கிளை எது என்று கேட்டு வாங்குங்கள். அங்கும் மறுத்தால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இணையதளத்தில் புகார் போடலாம், நூறு ரூபாய்க்காகப் புகாரா என்று கவுண்டரில் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.